வலி எத்தனை காசு?

வாய் திறக்காத நோயாளியும், வலி அறியும் நர்சும்

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள்.

ஒவ்வொரு வளைவிலும் வண்டி குலுங்குகிறது. வண்டிக்குள் ஒரு பாட்டி. வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பக்கத்தில் மகன்.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. இதோ பொன்னேரி வந்துட்டுது" என்கிறான் மகன்.

பாட்டி பல்லைக் கடித்துக்கொள்கிறார்.

மலை இறங்கியாயிற்று. ஆஸ்பத்திரியும் வந்தாயிற்று. கட்டிலில் படுக்க வைத்தார்கள். இரவு நர்சு வந்தார்.

"பாட்டி, வலிக்குதா?"

"பரவாயில்லை, கண்ணு."

நர்சு தன் குறிப்பில் "வலி இல்லை" என்று எழுதினார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று இரவு முழுவதும் பாட்டி கண்மூடவில்லை!

இது கற்பனைக் காட்சி. ஆனால், எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் நடக்கக்கூடிய காட்சி. இதில் யார் மீது தப்பு?

பாட்டி பொய் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசும் மரியாதை அது. நர்சும் கடமை தவறவில்லை, வந்தார், கேட்டார். ஆனால், அவர் கேட்ட கேள்விதான் தப்பு!

கருவி இல்லாத நோவு

காய்ச்சலை அளக்கக் கருவி இருக்கிறது. ரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது. சர்க்கரையை அளக்க ஒரு சொட்டு ரத்தம் போதும்.

வலியை அளக்க?

அதற்குக் கருவி இல்லை. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முறிவு தெரியும். அந்த முறிவு எவ்வளவு வலிக்கிறது என்பது படத்தில் தெரியாது. ஒரே மாதிரி முறிவு உள்ள இரண்டு பேரில் ஒருவர் துடிப்பார், மற்றவர் முனகுவார்.

ஆகவே, வலியை அறிய முதன்மையான வழி நோயாளியின் சொல்தான். மார்கோ மெக்காஃபெரி என்ற அமெரிக்க நர்சு 1968-ம் ஆண்டிலேயே இதை அழுத்திச் சொன்னார். வலிக்கிறது என்று யார் சொல்கிறாரோ, அவர் சொல்வதுதான் வலி. அவர் "இருக்கிறது" என்றால் இருக்கிறது என்பதே அவர் வாதம்.

கேட்பதற்கு இது சாதாரணமாக இருக்கிறது. ஆனால், ஆஸ்பத்திரிகளின் பழக்கத்தையே இது புரட்டிப் போட்டது. "இவ்வளவு சின்னக் காயத்துக்கு இவ்வளவு சத்தமா?", "அந்த ஆள் நடிக்கிறான்" என்று சொல்லும் பழக்கம் தப்பு என்று ஆகிவிட்டது. சந்தேகப்படுவது நர்சின் வேலை அல்ல. கேட்டு, நம்பி, அளந்து, டாக்டரிடம் சொல்வதே நர்சின் வேலை.

பூனை வளர்த்த ஆஸ்பத்திரி!

வலியைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர், ஏலகிரிக்குப் பக்கத்தில் உள்ள வேலூர்.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பாதிரியாரின் மகன். லண்டனில் டாக்டருக்குப் படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார்.

ஆபரேஷன் வெற்றி. ஆனால், விரல்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. ராத்திரி படுக்கும்போது இருந்த விரலின் ஒரு பகுதி, காலையில் இல்லை! என்ன மாயம் இது?

இரவில் கண் விழித்துப் பார்த்தார்கள். மர்மம் வெளிப்பட்டது. தூங்குகிறவர்களின் விரல்களை எலிகள் கடித்துத் தின்றுகொண்டிருந்தன! உணர்ச்சி இல்லாததால் நோயாளிகள் விழிக்கவே இல்லை. அதன்பிறகு, வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்களாம்.

தொழுநோய் நேராக விரலைத் தின்பதில்லை. அது நரம்பைக் கெடுத்து, வலியைக் கொன்றுவிடுகிறது. வலி இல்லாததால் மனிதன் சூடான பாத்திரத்தைத் தொடுகிறான், ஆணியை மிதிக்கிறான், புண்ணோடு நடக்கிறான். கை கால் போய்விடுகிறது. இதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர்களில் முதன்மையானவர் பிராண்ட்.

பிறகு அமெரிக்காவில் அவரும் தோழர்களும் செயற்கையாக வலி உண்டாக்கும் கருவி செய்து பார்த்தார்கள். அதிகமாக அழுத்தினால் எச்சரிக்கும் கையுறை அது. முயற்சி தோற்றது. எச்சரிக்கை தொந்தரவாக இருந்தால், நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. நிஜ வலியை மட்டும் அப்படி ஒதுக்க முடியாது.

வலி ஒரு காவல் நாய். திருடன் வந்தால் குரைக்கிறது. குரைத்தால் எழுந்து பார்க்க வேண்டும். பார்த்து, கதவைத் தாழிட்ட பிறகும் நாய் இரவு முழுவதும் குரைத்துக்கொண்டே இருந்தால்? வீட்டில் யாரும் தூங்க முடியாது. அப்போது நாயை அமைதிப்படுத்த வேண்டும். வலிக்கும் இதே நியாயம்தான்.

பொறுப்பதால் கெடுதி

"வலியைப் பொறுத்துக்கொண்டால் என்ன? தானே போய்விடும்" என்பவர்கள் உண்டு.

பொறுப்பதால் கெடுதிதான் அதிகம். வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்கு வலி அடங்கவில்லை என்றால் அவர் மூச்சை இழுத்து விடமாட்டார், இருமமாட்டார். சளி நெஞ்சிலேயே தங்கும். நிமோனியா வரும். வலிக்குப் பயந்து எழுந்து நடக்கமாட்டார். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும். தூக்கம் கெடும். நாடி துடிப்பு கூடும். அடங்காத வலி நாள்பட்டால் நரம்புகளே அதற்குப் பழகிப்போய், காயம் ஆறிய பிறகும் வலி ஆறாமல் நிற்பதும் உண்டு.

ஆகவே, வலியை அடக்குவது சொகுசு அல்ல. அது வைத்தியத்தில் ஒரு பகுதி.

ஏன் சொல்வதில்லை?

நோயாளிகள் வலியை மறைப்பதற்குக் காரணங்கள் பல.

"அடிக்கடி கூப்பிட்டால் சிஸ்டர் கோபித்துக்கொள்வார்" என்ற பயம் ஒன்று. "ஆம்பிளை அழலாமா?" என்ற வெட்கம் ஒன்று. "ஊசி மேல் ஊசி போட்டால் பழகிவிடும்" என்ற கவலை ஒன்று. "வலி கூடினால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம்; கேட்காமல் இருப்பதே மேல்" என்ற திகில் ஒன்று.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. தோல் பதனிடும் தொழிற்சாலையில் ஈரத்தோலைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனவர்களும், ஷூ கம்பெனியில் குனிந்து தைத்துக் கழுத்து போனவர்களும் இங்கே இருக்கிறார்கள். இவர்களுக்கு வலி என்பது வேலையோடு வந்த கூலி! அதை நோய் என்றே நினைப்பதில்லை. "என்ன வேலை செய்கிறீர்கள்? வேலை செய்யும்போது எங்கே வலிக்கும்?" என்று நர்சு கேட்டால்தான் அது வெளியே வரும்.

ரூபாய்க்கு எத்தனை காசு?

"வலிக்கிறதா?" என்று கேட்டால் "ஆம்", "இல்லை" என்ற இரண்டு பதில்தான் உண்டு. "எவ்வளவு வலிக்கிறது?" என்று கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வலியே இல்லை என்றால் 0. இதற்கு மேல் தாங்க முடியாது என்றால் 10. "இப்போது எத்தனை?" என்று நர்சு கேட்பார். 1 முதல் 3 வரை லேசான வலி. 4 முதல் 6 வரை நடுத்தரம். 7 முதல் 10 வரை கடுமை என்று பொதுவாகக் கொள்கிறார்கள்.

பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கு இந்த மார்க்கு கணக்கு புரியாமல் போகலாம். ஆனால், காசுக் கணக்கு புரியாத பாட்டி உண்டா? "உன் வலி முழுசா ஒரு ரூபாய்ன்னு வெச்சுக்கோ, பாட்டி. இப்போ எத்தனை காசு இருக்குது?" என்று கேட்டால் பதில் உடனே வந்துவிடும்.

படுத்திருக்கும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, இருமும்போது ஒரு தடவை கேட்க வேண்டும். அசையாமல் கிடந்தால் இருபது காசாக இருக்கும் வலி, எழுந்து உட்காரும்போது எண்பது காசாக ஏறிவிடும்.

குழந்தைகளுக்குக் காசும் வேண்டாம், மார்க்கும் வேண்டாம். படம் போதும்! அமெரிக்காவில் டல்சா என்ற ஊரில், தீக்காய வார்டில் குழந்தைகளோடு வேலை பார்த்தவர்கள் டோனா வாங் என்ற நர்சும், கோனி பேக்கர் என்பவரும். 1980-களின் தொடக்கத்தில் இவர்கள் ஆறு முகங்கள் கொண்ட படத்தை உருவாக்கினார்கள். முதல் முகம் சிரிக்கிறது. கடைசி முகம் கண்ணீர் வடிக்கிறது. "உன் வலி எந்த முகம்?" என்றால் குழந்தை விரலால் தொட்டுக் காட்டிவிடும்.

பச்சைக் குழந்தைக்கு வலிக்காதா?

விரலால் காட்டக்கூட முடியாத பச்சைக் குழந்தை என்ன செய்யும்?

ஒரு காலத்தில், "பிறந்த குழந்தைக்கு நரம்பு முதிரவில்லை, வலி தெரியாது" என்று பெரிய பெரிய டாக்டர்களே நம்பினார்கள். 1980-கள் வரை, மேல்நாடுகளில்கூடப் பல சிசுக்களுக்குப் போதிய வலி மருந்து கொடுக்காமலே ஆபரேஷன் நடந்தது!

அந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் ஒருவர் ஓர் இந்தியர். இந்தூரில் டாக்டருக்குப் படித்த கன்வல்ஜீத் சிங் ஆனந்த், ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்தார். குறைமாதக் குழந்தைகளுக்கு ஆபரேஷனின்போது நல்ல வலி மருந்து கொடுத்தால் உடலின் அதிர்ச்சி குறைகிறது, தொல்லைகளும் குறைகின்றன என்று 1987-ல் அவரும் அவர் குழுவினரும் காட்டினார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது.

இப்போது பேசாத குழந்தையை நர்சு ஐந்து இடங்களில் பார்க்கிறார். முகம் சுளிக்கிறதா? கால் உதைக்கிறதா? உடம்பு நெளிகிறதா? அழுகை எப்படி? தூக்கினால் சமாதானம் ஆகிறதா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மார்க்கு. கூட்டினால் 10-க்கு இவ்வளவு என்று வந்துவிடும். நினைவு தப்பிய பெரியவர்களுக்கும், மூச்சுக் கருவியில் இருப்பவர்களுக்கும் இதேபோல் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு.

வாய் பேசாவிட்டாலும் வலி இருக்கும். உலக வலி ஆராய்ச்சிச் சங்கம் 2020-ல் தன் விளக்கத்தைத் திருத்தியபோது இதையும் தெளிவாகச் சேர்த்தது.

தமிழ் தரும் துப்பு

எத்தனை என்று தெரிந்தால் போதாது. எப்படிப்பட்ட வலி என்றும் தெரிய வேண்டும். இதில் தமிழ்நாட்டு நர்சுக்கு ஒரு வசதி. வலிக்குத் தமிழில் பஞ்சமே இல்லாமல் சொற்கள் இருக்கின்றன!

குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், பிடிப்பு, இழுப்பு, சுளுக்கு, தெறிப்பு, மதமதப்பு... ஒவ்வொன்றும் ஒரு துப்பு.

"எரியுது, கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குது" என்றால் நரம்பு வலியாக இருக்கலாம். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் இது வரும். சாதாரண வலி மாத்திரைக்கு இது எளிதில் கட்டுப்படாது. வேறு வகை மருந்து வேண்டும். "விட்டு விட்டுப் பிடிச்சு இழுக்குது" என்றால் குடலிலோ, சிறுநீர்க் குழாயிலோ அடைப்பு இருக்கலாம். "விண் விண்ணுன்னு தெறிக்குது" என்றால் சீழ் கட்டியிருக்கலாம். "நெஞ்சில் பாறாங்கல்லை வெச்ச மாதிரி அழுத்துது" என்றால் ஒரு நொடியும் தாமதிக்கக்கூடாது. டாக்டரை ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும்!

இந்தச் சொற்களை நர்சு அப்படியே எழுதி வைத்தால், காலையில் வரும் டாக்டருக்கு அது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். எல்லாவற்றையும் சுருக்கி "வலி" என்று ஒரே சொல்லாக எழுதினால் துப்பு போய்விடும்.

மருந்து கொடுத்தால் முடிந்ததா?

பல இடங்களில் தவறு இங்கேதான் நடக்கிறது. வலி என்றார், மாத்திரை கொடுத்தாயிற்று, கதை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

முடியவில்லை. திரும்பி வந்து கேட்க வேண்டும். ஊசி என்றால் சுமார் அரை மணி நேரத்துக்குள். மாத்திரை என்றால் சுமார் ஒரு மணி நேரத்தில். "எண்பது காசு இருந்ததே, இப்போது எத்தனை?" குறையவில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது கேள்விதான் நல்ல நர்சின் அடையாளம்.

இன்னொன்று, நேரம். வலி ஏறி, நோயாளி கத்திய பிறகு மருந்து தேடினால் அடக்குவது கஷ்டம். நாள் முழுதும் இருக்கும் வலிக்கு, கடிகாரத்தைப் பார்த்து முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இதை உலகம் ஏற்கும்படி செய்தவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கில மாது. நர்சாகத் தொடங்கி, சமூக ஊழியராகி, பிறகு டாக்டரானவர். சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்காக லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தார். உடம்பின் வலியோடு மனக்கவலை, பணக்கவலை, தனிமை எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் முழு வலி என்றார் அவர்.

விளைவது இங்கே, கிடைப்பது எங்கே?

புற்றுநோயின் கடும் வலிக்கு மார்பின் என்ற மருந்து உண்டு. லேசான வலிக்குச் சாதாரண மாத்திரை, கூடினால் அடுத்த படி, கடுமையானால் மார்பின் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1986-ல் ஏணிபோல் படி வகுத்தது.

மார்பின் அபினிலிருந்து வருகிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசாங்க அனுமதியோடு அபின் செடி விளைகிறது. ஆனால், 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், இந்த நாட்டு நோயாளிக்கே மார்பின் எட்டாக்கனி ஆயிற்று. ஒரு ஆஸ்பத்திரி அதை வாங்கப் பல அனுமதிகள் தேவைப்பட்டன. விளைந்த அபின் வெளிநாட்டுக்குப் போயிற்று. இங்கே நோயாளி துடித்தார்!

கேரளத்தில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் 1993-ல் கோழிக்கோட்டில் வலி நிவாரணச் சங்கம் தொடங்கி, பல ஆண்டுகள் போராடினார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி ஒரே அனுமதியில் வாங்கலாம் என்று ஆயிற்று.

அதற்காக இஷ்டத்துக்கு அள்ளிக் கொடுப்பதும் ஆபத்து. அமெரிக்காவில் 1990-களிலிருந்து இந்த வகை மாத்திரைகளைத் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் அடிமையானார்கள், ஏராளமானோர் மாண்டார்கள். மருந்தே இல்லாமல் துடிக்க விடுவதும் தப்பு. அளவில்லாமல் கொடுப்பதும் தப்பு. மார்பின் கொடுத்த பிறகு நோயாளி அளவுக்கு மீறித் தூங்கி வழிகிறாரா, மூச்சு குறைகிறதா என்று நர்சு கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மலச்சிக்கலுக்கும் முன்னதாகவே மருந்து வேண்டும்.

தடவிக் கொடுத்தால் குறைவது ஏன்?

எல்லா வலிக்கும் மருந்துதான் என்பதில்லை.

குழந்தை விழுந்து முட்டி இடித்துக்கொண்டால் தாய் என்ன செய்கிறாள்? தடவிக் கொடுக்கிறாள். வலி குறைகிறது. 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். முதுகுத் தண்டில் ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்கிறது. தொடு உணர்ச்சி அந்தக் கதவைச் சாத்தி, வலி மூளைக்குப் போவதைக் குறைக்கிறது என்றார்கள்.

நல்ல நர்சுக்கு இது கைவந்த கலை. முறிந்த காலுக்கு அடியில் தலையணை வைப்பார். வயிற்றில் தையல் உள்ளவர் இருமும்போது, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்வார். தசைப் பிடிப்புக்கு வெந்நீர்ப் பை. புதிய வீக்கத்துக்கு ஐஸ். குழந்தைக்கு ஊசி போடும்போது தாயைப் பால் கொடுக்கச் சொல்வார். காசு செலவில்லாத வைத்தியம்!

வீட்டார் செய்யக்கூடியது

* வலி எங்கே, எப்போது, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.
* நோயாளி கூச்சப்பட்டால் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.
* "பொறுத்துக்கொள்" என்று சொல்வதற்கு முன் நர்சைக் கூப்பிடுங்கள்.
* வலி திடீரென்று கூடினாலோ, புது இடத்தில் வந்தாலோ உடனே சொல்லுங்கள்.
* டாக்டர் எழுதிய மருந்தை நேரம் தவறாமல் கொடுங்கள். நீங்களாகக் கூட்டவோ, குறைக்கவோ வேண்டாம்.

மறுபடியும் பாட்டி

வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது 1909-ல். நாட்டில் முதன்முதலாக நர்சுகளுக்குப் பட்டப்படிப்பு வந்தது 1946-ல். அதைத் தொடங்கிய இடங்களில் வேலூரும் ஒன்று. 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே போய் வலியைக் கவனிக்கும் சேவையும் சேர்க்கப்பட்டது. படிப்பும் வந்துவிட்டது, வீடு தேடிப் போகும் வழியும் வந்துவிட்டது. மீதி இருப்பது கேள்வி ஒன்றுதான்.

அதே பாட்டி. அதே கட்டில். இப்போது இன்னொரு நர்சு வருகிறார். கட்டில் ஓரம் நின்று பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"பாட்டி, முழுசா வலிச்சா ஒரு ரூபாய். இப்போ எத்தனை காசு வலிக்குது?"

பாட்டி யோசிக்கிறார்.

"சும்மா கெடந்தா நாலணா, கண்ணு. திரும்பினா முக்கால் ரூபாய்க்கு மேலே."

நர்சு எழுதிக்கொள்கிறார். டாக்டரிடம் சொல்கிறார். ஊசி வருகிறது. காலுக்கு அடியில் தலையணை வருகிறது. அரை மணி நேரத்தில் நர்சு திரும்பவும் வருகிறார்.

"பாட்டி, இப்போ எத்தனை காசு?"

பதில் இல்லை. நர்சு குனிந்து மூச்சைக் கவனிக்கிறார். சீராக இருக்கிறது. தோளை மெல்லத் தொடுகிறார். பாட்டி அரைக்கண் திறந்து, "ஓரணா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிவிடுகிறார்.